இருநூறு என்று ஒரு பொய்

வியாழக்கிழமை மூன்று மணிக்கு டூட்டி முடிந்து வந்த இளையவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகச் சாப்பாட்டு மேசைக்கு வந்து நின்றாள். வீட்டிலிருந்து வேலை செய்கிற நாட்களில் மூத்தவளுக்கு அந்த மேசைதான் அலுவலகம். ஒரு பக்கம் மடிக்கணினி, மறுபக்கம் பாதி தின்ற ஆப்பிள்.

"அக்கா, உங்க கம்பெனி பச்சை டிக் இருக்குல்ல, அதைக் கொண்டுபோய்க் குப்பையில போடு."

மூத்தவள் நிமிர்ந்தாள். தங்கைக்குக் கோபம் வந்தால் மூக்கு நுனி சிவக்கும். இன்று கண்ணும் சிவந்திருந்தது.

"என்னடி ஆச்சு?"

"டைலரம்மா ஐ.சி.யூ.வுல இருக்காங்க."

டைலரம்மாவை மூத்தவள் நேரில் பார்த்ததில்லை. ஆனால் தங்கை சொல்லிச் சொல்லி நன்றாகத் தெரியும். ஐம்பது வயது. கடைவீதியில் ஒற்றை மிஷின் போட்டு ரவிக்கையும் பள்ளிக்கூடச் சீருடையும் தைக்கிறவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபிறகு, வாரம் மூன்று நாள் இளையவள் வேலை பார்க்கும் டயாலிசிஸ் பிரிவுக்கு வந்து நான்கு மணி நேரம் படுத்திருப்பார். படுத்தபடியே பக்கத்துக் கட்டில்காரர்களின் சட்டைக் காலரைப் பற்றி அபிப்பிராயம் சொல்லுவார். அந்தப் பிரிவில் சிரிப்புச் சத்தம் கேட்டால் அதற்கு முக்கால்வாசி காரணம் அவர்தான்.

அப்படிப்பட்ட நோயாளிகளை வீட்டிலிருந்து அழைத்து வந்து திரும்பக் கொண்டுபோய் விடுவதுதான் மூத்தவளின் நிறுவனத்துக்குத் தொழில். ஆஸ்பத்திரிகளின் வரவேற்பு மேசையில் ஒரு செயலி இருக்கும். அதில் நோயாளியின் பெயரைப் போட்டு வண்டி கேட்டால், கேள்வி நிறுவனத்தின் கணினிக்குப் போகும், பதில் வரும், திரையில் பச்சை டிக் விழும், நோயாளியின் போனுக்கும் செய்தி போகும். பதில் சொல்லும் அந்த நிரல், மூத்தவளும் அவளுடைய குழுவும் பார்த்துக்கொள்வது.

"செவ்வாய்க்கிழமை காலையில ஏழரைக்குப் பையோட வாசல்ல வந்து நின்னிருக்காங்க" என்றாள் இளையவள். "பத்து மணி வரைக்கும். வண்டியே வரலை. போன்ல பாத்தா 'உங்கள் வண்டி பதிவாகிவிட்டது'ன்னு இருக்கு. டிராஃபிக்கா இருக்கும், வந்துடும்னு நின்னிருக்காங்க. அப்புறம் கால் வலிச்சு உள்ள போயிட்டாங்க. நாங்களும் திரையில பச்சையா இருக்கவும், கிளம்பிட்டாங்க போலன்னு நினைச்சோம். நான்தான் போன் பண்ணியிருக்கணும். பண்ணலை. நேத்து சாயங்காலம் மூச்சு முட்டி எமர்ஜென்சிக்குத் தூக்கிட்டு வந்தாங்க. நுரையீரல் முழுக்கத் தண்ணி."

"இப்ப எப்படி இருக்காங்க?"

"பொழைச்சுக்குவாங்கன்னு டாக்டர் சொல்றாரு." அப்போதுதான் அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "பொழைச்சுக்குவாங்க. ஆனா அது உங்க டிக்கால இல்ல."

மூத்தவள் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். செவ்வாய்க்கிழமைப் பதிவேட்டைத் திறந்து, அந்த ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கோரிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஆறு மணி பதினெட்டு நிமிடத்தில் டைலரம்மாவுக்காக ஒரு கோரிக்கை. அதே நொடியில் வேறொரு ஆஸ்பத்திரி அந்த வண்டியின் கடைசி இருக்கையைப் பிடித்துவிட்டது. அதனால் டைலரம்மாவுக்கு இடமில்லை. நிரலும் அதைத்தான் சொல்லியிருந்தது. ஆனால் சொன்ன விதம்தான் வினை.

ஒரு கணினி இன்னொரு கணினியிடம் ஏதாவது கேட்டால், பதிலின் தலையில் மூன்று இலக்க எண் ஒன்று வரும். இரண்டில் தொடங்கினால் கேட்ட காரியம் நடந்தது. நான்கில் தொடங்கினால் கேட்டதில் ஏதோ கோளாறு. ஐந்தில் தொடங்கினால் கோளாறு பதில் சொல்பவர் பக்கம். கேட்ட கணினி முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான். டைலரம்மாவின் பதில் தலையில் இருநூறு என்று இருந்தது. நடந்தது என்று பொருள். கீழே, உள்ளே, யாரும் படிக்காத இடத்தில் 'இடம் இல்லை' என்று இரண்டு சொல். செயலி இருநூறைப் பார்த்தது, பச்சை டிக்கைப் போட்டது, அதோடு அதன் வேலை முடிந்தது.

எந்தத் தவறு நடந்தாலும் தலையில் இருநூறே போடு என்று நிரலில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை யார் எழுதியது என்று பழைய வரலாற்றைத் தோண்டினாள். ஆறு வருடத்துக்கு முந்தைய தேதி. பக்கத்தில் அவளுடைய பெயரே இருந்தது.

தேதியை இன்னொரு முறை படித்தாள்.

நினைவுக்கு வந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்த நான்காவது மாதம். ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குச் செயல்விளக்கம் காட்ட வேண்டிய நாள். அப்போதிருந்த பழைய செயலி, இருநூறைத் தவிர வேறு எண் வந்தால் வெள்ளைத் திரையோடு செத்துவிடும். செயலியைத் திருத்த நேரமில்லை. 'இப்போதைக்கு இருக்கட்டும், அடுத்த வாரம் மாத்திக்கலாம்' என்று இந்த வரியை எழுதினாள். செயல்விளக்கம் ஜம்மென்று நடந்தது. ஒப்பந்தம் கிடைத்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அந்த அடுத்த வாரம் மட்டும் ஆறு வருடமாக வரவேயில்லை.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?"

"அந்த டிக் பொய் சொல்ற மாதிரி எழுதினது நான்தான்டி" என்றாள் மூத்தவள்.

இளையவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, எழுந்துபோய்ச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் அலுவலகத்தில் மேலாளரின் அறைக்கு வெளியே ஒரு நிமிடம் தயங்கி நின்றாள். நடைபாதைச் சுவரில் பெரிய திரை ஒன்று. அதில் நிறுவனத்தின் எல்லாச் சேவைகளும் பட்டை பட்டையாகத் தெரியும். 'பிழைகள்: 0' என்று பச்சையில் எழுதியிருக்கும். மாதா மாதம் ஆஸ்பத்திரிக்காரர்களிடம் மேலாளர் காட்டுவது அந்தப் பச்சையைத்தான். மனிதர் மோசமானவர் இல்லை. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் தானே காரில் கொண்டுபோய் வீட்டில் விடுகிறவர். ஆனால் அந்தத் திரையைத் தினமும் காலையில் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

அவள் நடந்ததைச் சொன்னாள். தன் வரி என்பதையும் சொன்னாள். பூசி மெழுகவில்லை.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அந்தம்மா இப்ப எப்படி இருக்காங்க?"

"வார்டுக்கு மாத்திட்டாங்களாம் சார்."

"சரி." கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். "இடமில்லைன்னா செயலியில சிவப்புல ஒரு எழுத்து வர மாதிரி பண்ணிடலாமா? எண்ணைத் தொடாம?"

"இந்த ஒண்ணுக்குப் பண்ணலாம் சார். ஆனா நம்மகிட்ட இருபது விதமா தப்பு நடக்குது. எல்லாத்துக்கும் தலையில இருநூறுதான். நம்ம நிரல்கிட்ட ஏழு செயலி கேள்வி கேக்குது. ஒவ்வொருத்தரையும் உள்ள இருக்கிற வரியைப் படிங்க, படிங்கன்னு நாம கெஞ்சிக்கிட்டு இருக்க முடியாது. நம்ம எண்ணு உண்மையைச் சொல்லணும்."

"எண்ணை மாத்தினா வெளியில திரை என்ன ஆகும்?"

"சிவப்பாகும்."

மேலாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒப்பந்தப் புதுப்பிப்பு அடுத்த மாதம் என்பது இருவருக்கும் தெரியும்.

"ரெண்டு வாரம் எடுத்துக்க" என்றார் கடைசியில். "எந்தத் தப்புக்கு எந்த எண்ணுன்னு முதல்ல எனக்கு ஒரு பட்டியல் வேணும். அவசரப்பட்டு எதையும் எழுதாதே."

ஆறு வருடத்துக்கு முன்னால் இதை யாராவது சொல்லியிருக்கலாமே என்று நினைத்தபடி வெளியே வந்தாள்.

சனிக்கிழமை தங்கையோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டைலரம்மா சாய்ந்து உட்கார்ந்து, போர்வை ஓரத்தில் பிரிந்திருந்த தையலை நகத்தால் நிமிண்டிக்கொண்டிருந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"யாரு சிஸ்டர் இது, உங்க ஜாடையில?"

"எங்க அக்கா. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

மூத்தவள் சொன்னாள். எண், தலை, உள்வரி என்றெல்லாம் இழுக்காமல் ஒரே மூச்சில்: "வண்டி இல்லைன்னு சொல்ல வேண்டிய இடத்துல இருக்குன்னு சொல்ற மாதிரி எழுதி வச்சது நான்தாம்மா. தெரிஞ்சு செய்யலை. ஆனா செஞ்சது நான்தான்."

டைலரம்மா போர்வை ஓரத்து நூலை இழுத்து அறுத்தார். மூத்தவளுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"எனக்குக் கோவம்தான்" என்றார் பிறகு. "பரவாயில்லம்மான்னு சொல்ல வாய் வரலை. மூச்சு முட்டுறது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது. வண்டி இல்லைன்னு சொல்லியிருந்தா டாக்ஸி பிடிச்சு வந்திருப்பேன். பக்கத்துக் கடைக்காரர் ஸ்கூட்டர்லயாவது வந்திருப்பேன். ரெண்டரை மணி நேரம் போனையே பாத்துக்கிட்டு நின்னேன்."

"மாத்திடுறேன்மா."

"மாத்து. எனக்காக இல்ல, எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இனிமே நான் அந்த டிக்கை நம்பப் போறதில்ல. தெரியாதவங்க நிறையப் பேர் நிப்பாங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்காவும் தங்கையும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து வந்தார்கள். இறங்குவதற்கு முந்தின நிறுத்தத்தில் இளையவள் தன் கைப்பையை அக்காவின் மடியில் வைத்துவிட்டு, அவள் தோளில் சாய்ந்துகொண்டாள்.

திங்கட்கிழமை பட்டியல் வேலை தொடங்கியது. மூத்தவளோடு இருந்தது குழுவின் சோதனையாளர். எதைக் கொடுத்தாலும் "எனக்கு ஒரு சந்தேகம்" என்று ஆரம்பிப்பதால் அவருக்கு அலுவலகம் முழுக்கச் சந்தேகம் என்றே பெயர். போனில், ஒலிபெருக்கி வழியாக, ஆஸ்பத்திரிச் செயலியை எழுதுகிற தாடிக்காரர். வேறு ஊரில் இருந்தார். வீடியோவில் தாடி மட்டும்தான் ஒழுங்காகத் தெரியும்.

வெள்ளைப் பலகையில் மூத்தவள் தவறுகளை வரிசையாக எழுதினாள். எதிரே எண். முதல் வரியிலேயே சண்டை வந்துவிட்டது.

"இருக்கை போயிடுச்சுன்னா நானூறு குடுத்துடலாம்" என்றாள் அவள். "கோரிக்கை செல்லாதுன்னு அர்த்தம். சிம்பிள்."

"வேணாங்க" என்றது தாடி. "நானூறு வந்தா நான் திரையில 'படிவத்தைச் சரிபாருங்கள்'னு காட்டுவேன். படிவம் சரியாத்தானே இருக்கு? நர்ஸ் பாவம், ஒரே தேதியைப் பத்துத் தடவை அழிச்சு அழிச்சு எழுதுவாங்க. நானூத்தி ஒம்பது குடுங்க. கேட்டது சரி, ஆனா நடுவுல வேற ஒருத்தர் முந்திக்கிட்டார்னு அர்த்தம். அது வந்தா நான் நேரா அடுத்த வண்டியைக் காட்டுறேன்."

மூத்தவள் பேனாவைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். தங்கை மேசைமுன் உட்கார்ந்து அழித்து அழித்து எழுதுவது கண்ணுக்குத் தெரிந்தது. பலகையின் மேல் ஓரத்தில் பெரிதாக எழுதினாள்: 'இதை வாங்குகிறவர் அடுத்து என்ன செய்ய வேண்டும்?'

அதற்குப் பிறகு வேலை ஓடியது. தேதியே இல்லாமல் அரைகுறையாக வந்தால் நானூறு, படிவத்தை நிரப்பு. எல்லாம் நிரப்பி, முடிந்துபோன தேதியைப் போட்டிருந்தால் நானூற்று இருபத்திரண்டு, தேதியை மாற்று. நம் பக்கம் கணினி படுத்துவிட்டால் ஐநூற்று மூன்று, நீ ஒன்றும் மாற்ற வேண்டாம், கொஞ்ச நேரம் கழித்து அப்படியே திரும்பக் கேள். எவ்வளவு நேரம் கழித்து என்பதையும் பதிலிலேயே எழுதிவிடலாம்.

"எனக்கு ஒரு சந்தேகம்" என்றார் சந்தேகம். "நானூத்தி ஒண்ணுக்கும் நானூத்தி மூணுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் உள்ள விடாததுதானே?"

"நீங்க யாருன்னே தெரியலை, முதல்ல கடவுச்சொல்லைப் போடுங்கன்னா ஒண்ணு" என்றாள் அவள். "நீங்க யாருன்னு நல்லாத் தெரியும், ஆனா உங்களுக்கு இங்க அனுமதி இல்லைன்னா மூணு."

"அப்ப எங்க மாமனார் வீட்டுல எனக்கு நானூத்தி மூணு."

தாடி ஒலிபெருக்கி அதிரச் சிரித்தது. வெகு நாளைக்குப் பிறகு மூத்தவளும் சிரித்தாள்.

பட்டியல் ஒரு பக்கத்துக்குள் அடங்கியது. பதினொரு எண். மேலாளர் அதை இரண்டு முறை படித்து, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, பிறகு அதையும் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஏழு செயலிக்காரர்களுக்கும் தகவல் போனது. தாடிக்காரர் தன் செயலியில் ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனி வாசகம் எழுதினார். இளையவள் அவற்றை வாசித்துப் பார்த்து, "இது நர்ஸ் பேசுற பாஷையே இல்ல" என்று பாதியை மாற்றிக் கொடுத்தாள்.

புதிய நிரல் ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்குப் பயன்பாட்டுக்கு வந்தது. பதினொன்று ஐந்துக்கு நடைபாதைத் திரை சிவந்தது. நூற்றுக்கு ஏழு பிழை. கணக்குப்பிரிவுப் பெண் டீக்கோப்பையோடு நின்று, "என்ன, எல்லாம் உடைஞ்சிடுச்சா?" என்றாள். ஆளாளுக்கு எட்டிப் பார்த்தார்கள்.

"உடையலை" என்றாள் மூத்தவள். "இவ்வளவு நாளும் இது இருந்துச்சு. இப்பத்தான் தெரியுது."

சொல்லும்போது குரல் உறுதியாகத்தான் இருந்தது. ஆனால் நூற்றுக்கு ஏழு என்றால் ஒரு நாளைக்கு எத்தனை வாசல், எத்தனை பேர் பையோடு என்று மனது கணக்குப் போட்டது. தண்ணீர் குடிக்கப் போனவள் தண்ணீர் குடிக்காமலே திரும்பி வந்தாள்.

மறுநாள்தான் அடி விழுந்தது. காலை பத்து மணிக்குத் தங்கையிடமிருந்து போன்.

"அக்கா, இங்க ஒரே கூத்தா இருக்கு. யார் பேரைப் போட்டாலும் 'இந்தப் பெயரில் நோயாளி இல்லை, புதிதாகப் பதிவு செய்யவும்'னு வந்துச்சு. டைலரம்மா இன்னிக்குத்தான் முதல் நாள் திரும்பி வந்திருக்காங்க. திரையைப் பாத்துட்டு, 'நான் இல்லையாம்மா? அப்ப இந்தக் கட்டில்ல படுத்திருக்கிறது யாரு?'ங்கிறாங்க. வார்டே சிரிக்குது. ஆனா நாங்க பதினோரு பேரைப் புதுசாப் பதிஞ்சிட்டோம். இப்ப ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு ரெண்டு பேரு காட்டுது. ஒரே வீட்டுக்கு ரெண்டு வண்டி போய் நிக்குது!"

நானூற்று நான்கு. கேட்டது இங்கே இல்லவே இல்லை என்கிற எண். அத்தனை பேரும் இருக்கிறார்கள், ஆனால் இல்லை என்று சொல்லியிருக்கிறது. மூத்தவள் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். உண்மையைச் சொல்ல வைக்கிறேன் என்று கிளம்பி, இன்னொரு பொய்யைச் சொல்ல வைத்துவிட்டாளே.

மேலாளர் அறைக்குள் அவளும் சந்தேகமும் போய் நின்றபோது அவர் ஏற்கெனவே போனை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். முகம் சரியில்லை.

"பழையதுக்குத் திரும்பிடு" என்றார். "முதல்ல பழையதைப் போடு, அப்புறம் பேசிக்கலாம்."

"சார், பத்து நிமிஷம் குடுங்க."

"நேத்து நூத்துக்கு ஏழு. இன்னிக்கு ரெட்டை வண்டி. நாளைக்கு என்னன்னு நான் போய்ச் சொல்றது?"

"எனக்கு ஒரு சந்தேகம்" என்றார் சந்தேகம். மேலாளர் அவரைப் பார்த்த பார்வையில் வேறு யாராக இருந்தாலும் வாயை மூடியிருப்பார்கள். இவர் மூடவில்லை. "காலையில ஒன்பது இருபதிலேருந்து ஒன்பது ஐம்பது வரைக்கும்தான் இந்த நானூத்தி நாலு வருது. அதுக்கு முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல. நோயாளிகள் அரை மணி நேரம் மட்டும் காணாமப்போவாங்களா?"

மூத்தவள் சட்டென்று மடிக்கணினியை அங்கேயே திறந்தாள். வண்டி கேட்டு வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் அவளுடைய நிரல், உள்ளே இருக்கிற நோயாளிப் பதிவேடு என்ற இன்னொரு நிரலைக் கேட்கும். ஒன்பது இருபதுக்கு அந்தப் பதிவேடு நின்று, மறுபடி கிளம்பிக்கொண்டிருந்தது. அந்த அரை மணி நேரமும் அது என்ன பதில் சொல்லியது என்று பார்த்தாள். தலையில் இருநூறு. கீழே, காலிப் பட்டியல்.

"இதுவும் அதேதான் சார்" என்றாள். "படுத்துக்கிடக்கும்போது 'எல்லாம் சரி, ஆனா யாரும் இல்லை'ன்னு சொல்லுது. நாங்க அதை நம்பி நானூத்தி நாலு குடுத்துட்டோம். 'இப்ப பாக்க முடியலை'ன்னு சொல்லியிருந்தா ஐநூத்தி மூணு போயிருக்கும். யாரும் புதுசாப் பதிஞ்சிருக்க மாட்டாங்க."

"பதிவேட்டை யார் பாத்துக்கிறது?"

"யாரும் இல்ல சார். ரொம்பப் பழசு. எழுதினவங்க..." வரலாற்றைத் திறந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

மேலாளர் எழுந்து வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். பதினாலு வருடத்துக்கு முந்தைய தேதி. பக்கத்தில் இருந்தது அவருடைய பெயர். நிறுவனத்தில் நான்கே பேர் இருந்த காலம். அவரும் அப்போது நிரல் எழுதிக்கொண்டிருந்தார்.

சந்தேகம் எட்டிப் பார்த்து, பெயரைப் படித்து, ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"அன்னிக்கு யாரோ வரப்போறாங்கன்னு அவசரம்" என்றார் மேலாளர் மெதுவாக. "யாருன்னுகூட இப்ப ஞாபகம் இல்ல." பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டார். "நகரு."

"சார்?"

"நகரும்மா. நான்தானே எழுதினேன்."

இரண்டு விரலால் தட்டித் தட்டித்தான் எழுதினார். பதினாலு வருடத்தில் எல்லாம் மாறிப்போயிருந்தது. "இது எங்க போச்சு?" "அதுக்கு இப்ப வேற பேரு சார்." "அடக் கடவுளே." மூத்தவள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தாள். பதிவேட்டைப் படிக்க முடியாதபோது காலிப் பட்டியலைக் கொடுக்காதே, முடியவில்லை என்று சொல், ஐநூற்று மூன்று. மொத்தம் நாலே வரி. எழுத ஒரு மணி நேரம். சந்தேகம் அதைப் பதினேழு விதமாக உடைத்துப் பார்த்து, உடையவில்லை என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடு ஒப்புக்கொண்டார்.

இரட்டைப் பதிவுகளைப் பிரித்தெடுக்க இளையவளும் தாடிக்காரரும் போனில் ஒரு முழுப் பிற்பகல் உட்கார்ந்தார்கள். பழையதற்குத் திரும்பும் பேச்சை அதன்பிறகு மேலாளர் எடுக்கவில்லை.

சிவப்பு மெல்ல வடிந்தது. தானாக வடியவில்லை. இன்ன எண் இத்தனை என்று கண்ணுக்குத் தெரிந்ததும், ஒவ்வொன்றாகப் பிடித்துச் சரிசெய்ய முடிந்தது. நானூற்று ஒன்பது காலை ஆறு மணிக்கு மட்டும் குவிகிறது என்று பார்த்து, அந்த நேரத்துக்கு இரண்டு வண்டி கூடுதலாக விட்டார்கள். நூற்றுக்கு ஏழு, ஐந்தாகி, மூன்றுக்கு அருகே வந்தது. பூஜ்யத்துக்கு வரவே வராது என்று மூத்தவள் மேலாளரிடம் சொன்னாள். "வந்தா பயப்படணும் போல" என்றார் அவர்.

ஒப்பந்தக் கூட்டத்துக்கு அவர் அந்தச் சிவப்புப் பட்டையைத்தான் எடுத்துக்கொண்டு போனார். டைலரம்மாவுக்கு நடந்ததையும் மறைக்கவில்லை. இரண்டு ஆஸ்பத்திரிக்காரர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்துபோனார்கள். ஒருவர் திரும்பி வரவில்லை. மற்றவர் பத்து நாள் கழித்துக் கையெழுத்துப் போட்டார்.

அதற்கடுத்த மாதம், மழை கொட்டிய ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்தே காலுக்கு, வண்டிகளுக்கு வழி பிரித்துக் கொடுக்கும் கணினி இருந்த கட்டடத்தில் மின்சாரம் போனது. மூத்தவளின் நிரல் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஐநூற்று மூன்று என்று சொல்ல ஆரம்பித்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேள் என்றும் சேர்த்துச் சொன்னது. நடைபாதைத் திரை ரத்தச் சிவப்பு.

அவள் தங்கையைக் கூப்பிட்டாள். "அங்க என்ன தெரியுது?"

"'இப்போது பதிவாகவில்லை, ஐந்து நிமிடத்தில் நாங்களே மீண்டும் கேட்கிறோம்'னு வருது. ரெண்டு தடவை கேட்டுடுச்சு." பின்னணியில் ஏதோ இயந்திரம் பீப் என்றது. "மூணாவதும் முடியலைன்னா தாடிக்காரர் டிரைவர் நம்பரெல்லாம் வர மாதிரி பண்ணியிருக்காரே, அதைப் பிரிண்ட் எடுத்து நான் கூப்பிட்டுடுவேன். நீ உன் வேலையைப் பாரு."

மூன்றாவதும் முடியவில்லை. இளையவள் பட்டியலை அச்செடுத்து, மேசைமேல் வைத்து, பேனாவால் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே டிரைவர்களையும் வீடுகளையும் கூப்பிட்டாள். வேறு ஆறு ஆஸ்பத்திரிகளில் வேறு ஆறு பேர் அதையே செய்துகொண்டிருந்தார்கள். இங்கே மூத்தவளுக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. அதுதான் விசித்திரம். திரை முழுக்கச் சிவப்பு, ஆனால் எந்த வாசலிலும் யாரும் தெரியாமல் நிற்கவில்லை. மேலாளர் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். இருவரும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பன்னிரண்டு மணிக்கு மின்சாரம் வந்தது. ஒரு மணிக்கு இளையவளின் குரல்.

"மதிய பேட்ச் பதினாலு பேர்ல பதினாலு பேரும் வந்துட்டாங்கக்கா. ரெண்டு பேர் நனைஞ்சுட்டாங்க, அவ்வளவுதான். டைலரம்மாவும் இப்ப மதிய பேட்ச்தான், டாக்ஸியில வந்து இறங்கி, டிரைவரோட சட்டைக் கை சரியில்லைன்னு அவரை உள்ளயே கூட்டிட்டு வந்துட்டாங்க. இப்ப செக்யூரிட்டிக்கு நான் பதில் சொல்லிக்கிட்டிருக்கேன்."

"சாப்பிட்டியா?"

"எங்க! நீ?"

"இல்ல. நாலு மணிக்கு நான் அங்க வரேன், இரு. ரெண்டு பேரும் வெளியில சாப்பிட்டுட்டுப் போலாம்."

"மழை பெய்யுது, வண்டி கிடைக்காது உனக்கு."

"கிடைக்கலைன்னா கிடைக்கலைன்னு உடனே சொல்றேன்" என்றாள் மூத்தவள்.

தங்கை சிரித்துக்கொண்டே போனை வைத்தாள்.